பொக்குக் குண்டு

என் வயதுப் பெண்கள் அவரவர் வீட்டில் கடலை உடைத்தார்கள், பருத்தி எடுத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். எனக்கு வாய்த்த வேலை குண்டு பொறுக்குவது. துப்பாக்கிக் குண்டுகளில் நல்லது எது, கெட்டது எது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாவதாக வந்தவளில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரில் எனக்குப் போட்டியே கிடையாது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதும் ஒரு காரணம்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் நிலம். எல்லோரும் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கதிர் பால் பிடிக்கும் சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினால் போதும், விடிவதற்குள் பாதிச் சோளக்கொல்லை தரையோடு போய்விடும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அந்தப் பக்கத்தில் பெரியப்பாவிடம் ஒன்றுதான் இருந்தது. பன்றியைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. விழுந்தால் கறியில் தன் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

குழலுக்குள் மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. பெரியப்பா பேட்டரி ஈயத்தை உருக்கி, இடுக்கி மாதிரி இருக்கும் அச்சில் ஊற்றிக் குண்டைத் தானே வார்த்துக்கொள்வார். ஒவ்வொன்றும் பெரிய சுண்டைக்காய் அளவு இருக்கும். வார்க்கிறதெல்லாம் சரியாக வந்துவிடாது. அச்சு சூடேறாவிட்டால் மேலே சுருக்கம் விழும். உள்ளே காற்று தங்கிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், நடுவில் பொள்ளல். பருப்பில்லாத கடலையைச் சொல்வது போல அதையும் பொக்கு என்போம். பொக்குக் குண்டு குறி வைத்த இடத்துக்குப் போகாது.

குண்டுகளைத் தாம்பாளத்தில் ஒவ்வொன்றாக உருட்டிவிடுவேன். நல்லது நேராக ஓடும். பொக்கு, குடித்துவிட்டு நடப்பவனைப் போல ஒரு பக்கமாக இழுக்கும். சந்தேகமாக இருந்தால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். நல்லதெல்லாம் லப்பைக்குடிக்காட்டுக் கடையில் வாங்கிய துபாய்ப் பால்பவுடர் டப்பாவுக்குப் போகும். பொக்கெல்லாம் மறுபடி உருக்குவதற்காகக் கொட்டாங்குச்சியில் சேரும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெரியம்மா தவறிய பிறகு பெரியப்பாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனுக்குக் காட்டும் மரியாதை அப்படி. அவர் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா என்னிடம், "பெரியப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்பாள். நான் திரும்பி, "பெரியப்பா, சாப்புட வருவீங்களாம்" என்பேன். அவர், "செத்த நேரம் ஆவட்டும்னு சொல்லு" என்பார். அம்மா காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த வருஷம் பெரியப்பாவின் குறி தவற ஆரம்பித்தது. முந்தின வருஷம்வரை இரண்டு வெடிக்கு ஒரு பன்றியாவது விழும். இப்போது விடியற்காலையில் வெடிச் சத்தம் கேட்டு, பாத்திரத்தோடு கொல்லைக்கு ஓடியவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பினார்கள். முதல் முறை பெரியப்பா காவல் பரணிலிருந்து இறங்கி, "குண்டு சரியில்லப்பா" என்றார். இரண்டாம் முறையும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அவர் வாயைத் திறக்குமுன் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"புள்ளைய நம்பிக் குண்டு போட்டா இப்புடித்தான்" என்றார் கீழக்கொல்லைக்காரர். அவர் சோளத்தில் கால்வாசி போயிருந்தது. அப்பா அன்று என்னை அடிக்கவில்லை, ஆனால் தாம்பாளத்தைக் காலால் தள்ளிவிட்டார். மறுநாள் குழாயடியில் எனக்குப் பொக்கு என்று பெயர் விழுந்தது. அதற்கடுத்த நாள் அது பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் எனக்கு அதிகம். பெரியப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கடலைமிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டேன்.

என் பேரை நானே மீட்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது வாங்கிய நகப்பூச்சு ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. அடுத்து வார்த்த குண்டுகளை மூன்று முறை உருட்டி, நல்லதாக இருபது தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி வைத்து டப்பாவில் போட்டேன். கொட்டாங்குச்சியில் பொக்கு ஏழு. இனி தவறினால் அது குண்டின் குற்றமில்லை என்று நிரூபித்துவிடலாம் என்பது என் கணக்கு.

இரண்டு நாள் கழித்து, விடியும்போது வெடிச் சத்தம் கேட்டது. பன்றி விழவில்லை. எல்லோரும் எங்கள் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்கள். நான் உள்ளே ஓடி டப்பாவைக் கொட்டி எண்ணினேன். சிவப்புப் புள்ளியோடு இருபதும் இருந்தன. கொட்டாங்குச்சியைப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, இத்தனை நாள் சேர்த்துவைத்த ஆத்திரத்தையெல்லாம் கூட்டிச் சொன்னேன். "எங்குண்டுல ஒரு குத்தமும் இல்ல. பெரியப்பாதான் கண்ணு தெரியாம பொக்க எடுத்துட்டுப் போறாரு. எண்ணிப் பாத்துக்கங்க!"

கீழக்கொல்லைக்காரர் உண்மையிலேயே எண்ணினார். மாட்டுக்குப் புல் அறுத்து வந்த அம்மா, தலையிலிருந்த அலுமினிய அன்னக்கூடையை இறக்காமலே நின்றாள். பெரியப்பா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"புள்ள சொல்றது சரிதான். கண்ணு மங்கிப்போச்சு. கையில தட்டுனத எடுத்துட்டுப் போயிட்டேன். அவ மேல தப்பில்ல."

அவ்வளவுதான். அந்த வாரமே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அப்பா தடுத்தும் கேட்கவில்லை. சோளத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினோம், வெடி கொளுத்தினோம். பன்றிகள் இரண்டையும் பழகிக்கொண்டன. அரியலூரில் கண் முகாமுக்குக் கூட்டிப்போனதில், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். தெருவில் மூக்கின்மேல் இருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போது நெற்றிக்கு ஏறிவிடும். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என் பெயர் பிழைத்தது. பொக்கு என்ற பட்டமும் போனது. அம்மா மட்டும் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நான் வாசலில் கத்திய அன்று மத்தியானம் இலையைப் போட்டுவிட்டு, நான் பக்கத்திலேயே நிற்க, நேராகப் பெரியப்பாவைப் பார்த்து, "மாமா, சாப்புட வாங்க" என்றாள். ஒரே நாளில் என் இரண்டு வேலைகளும் போய்விட்டன. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

பெரியப்பா இறந்து, எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒருநாள் பழைய பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்த அன்னக்கூடை கைக்கு வந்தது. விளிம்புக்குக் கீழே ஒரு பொத்தலை ஈயம் வைத்துத் தட்டி அடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்தே பார்த்த அடைப்புதான். கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. அளவு விரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் அடுப்பைப் பார்த்தாள்.

"நீ வாசல்ல கத்துனியே, அதுக்கு முந்துன வருசம், விடியக்காலம். சோளத்துக்குள்ள புல்லு அறுத்துட்டு, கூடையத் தலையில வச்சிக்கிட்டு வந்தேன். சோளம் ஆடுறதப் பாத்துப் பன்னின்னு நெனச்சி சுட்டுட்டாரு. ஓடியாந்து, ‘மேல பட்டுச்சாம்மா’ன்னு கேட்டாரு. அதான் அவரு எங்கிட்ட நேரா பேசுன மொத பேச்சு. அப்புறம் வரப்புல உக்காந்து அழுதாரு. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அண்ணன் தம்பிக்குள்ள வெட்டுக்குத்துதான். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. அன்னைக்கே அவருதான் அடைச்சிக் குடுத்தாரு."

"பின்ன ஏன் மறுபடியும் துப்பாக்கியத் தொட்டாரு?"

"ஊரு வுடலியே. பரண்ல ஏறி, வரப்பு மண்ணப் பாத்து சுட்டுட்டு வருவாரு. மண்ணுல சுடுறதுக்கு, புள்ள பாத்துப் பாத்துப் பொறுக்குன நல்ல குண்டு எதுக்குன்னு பொக்க எடுத்துட்டுப் போனாராம். அப்புறமா ஒரு நாளு எங்கிட்ட சொன்னாரு."

டப்பாவில் இருபது, கொட்டாங்குச்சியில் ஆறு என்று எண்ணத் தெரிந்த எனக்கு, அன்று வாசலில் அம்மாவின் தலைமேல் இருந்த இரண்டு அடைப்பை எண்ணத் தெரியவில்லை.