வடம் பிடிக்க ஓர் இரும்பூசி

அண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கழுத்தில் குழாய் போட்டு இரத்தம் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. ஆட்டோவில் அவரை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போவது தங்கை நான்தான். இரத்தமும் குறைவென்று, சுத்தம் செய்யும்போதே இரும்பு மருந்தும் ஏற்றுவார்கள். அது ஏறினால் உடம்பில் பலம் வருமென்று அண்ணைக்கு அப்படியொரு நம்பிக்கை. இணுவில் கந்தசுவாமி கோயில் தேர்த்திருவிழா கிட்டிக்கொண்டிருந்தது. வருடந்தவறாமல் வடம் பிடித்தவர், இந்த முறையும் பிடித்தே தீருவேன் என்று நின்றார்.

அன்று காலை தேத்தண்ணி கொடுக்கும்போது அவர் கை பட்டது. கொதித்தது.

"காய்ச்சலே அண்ணை?"

"சத்தம் போடாதை. பனடோல் குளிசை போட்டிட்டன், காய்ச்சல் இறங்கியிடும். காய்ச்சலெண்டால் இரும்பு ஏத்தமாட்டினம்."

ஆசுபத்திரியில் வெப்பமானி காய்ச்சலைக் காட்டவில்லை. தாதி இரும்பு மருந்தை எடுத்துவைத்தார். நான் உட்கார்ந்தேன், எழும்பினேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். சொன்னால் அண்ணை என் முகத்திலேயே முழிக்கமாட்டார். சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால்? தாதியிடம் போனேன்.

"மிஸ், இவருக்குக் காலமை காய்ச்சல். பனடோல் போட்டவர்."

அண்ணை பார்த்த பார்வை இருக்கிறதே! டொக்டர் வந்து பார்த்தார். குழாய் போட்ட இடம் சிவந்திருந்தது.

"இரும்பு இப்ப வேண்டாம். கிருமியை விழுங்கிக் கொல்லுறது வெள்ளணு. இரத்தத்திலை இரும்பு கூட ஏறினால், விழுங்கினாலும் கொல்லுற பலம் குறைஞ்சுபோம். கிருமிக்கும் இரும்பு வேணும். ஆருக்குச் சாப்பாடு போடப்போறியள்?"

இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்து வைத்தார்கள். தேரன்றும் அண்ணை கட்டிலில்தான். என்னோடு கதைக்கவேயில்லை, கஞ்சி கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். எனக்கும் ரோசம் வந்தது. ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் திரும்பத் திரும்பப் போனேன்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"மிஸ்ஸிட்டைக் கேள், இரும்பு எப்ப ஏத்துவினமாம்?"

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

"தேர் அடுத்த வருசமும் வரும். நீங்கள் இருக்கோணுமே!" என்றேன். கஞ்சியை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

இப்போதும் ஆட்டோவில் ஏறுமுன் பனடோல் இருக்கிறதா என்று அவருடைய சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறேன். "உவள் என்னைக் கள்ளனாக்கிப்போட்டாள்" என்று ஆட்டோக்காரரிடம் முறையிடுவார். ஆனால் நான் தடவி முடிக்கும்வரை அசையாமல் நிற்பார்.