இரட்டைக் கிடாரி

இந்த நாட்டுச் சிங்களத்தில் ‘வந்த’ என்றால் மலடு. அது தெரியாமல்தான் பண்ணையில் ஒருநாள் விழித்துக்கொண்டு நின்றேன். கண்டி மலைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரையின் மாட்டுப் பண்ணையில் எனக்கு வேலை. சீமைப்பசு ஒன்று இரட்டைக் கன்று ஈன்றிருந்தது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. கூட வேலை செய்யும் சிங்களவர் பண்டா கிடாரியைக் காட்டி, “வந்தய்” என்றார். “எங்கேயிருந்து வந்தது? இங்கனதானே பிறந்தது?” என்றேன். அவர் தன் வயிற்றைத் தொட்டுக் கையை விரித்தார்.

மாட்டு டாக்டர் துரை தோட்டத்துத் தமிழில் விளக்கினார். “இது பிரீமார்ட்டின். வயித்துக்குள்ளே ரெண்டு கன்னுக்கும் ரத்தம் கலக்கும். ஆண் கன்னு ஹார்மோன் பொட்டைக்குப் போகும். கர்ப்பப்பை சரியா வளராது.”

“மனுஷருக்கும் இப்படியா, துரை?”

“இல்லே. இது மாட்டு விஷயம்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

என் தங்கை பேச்சியம்மாளைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்தபோது சீதனமாக ஒரு கிடாரி கொடுத்தோம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது. அதிர்ஷ்டம் என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வருஷமாகியும் அது சினைபிடிக்கவில்லை, தங்கையும் உண்டாகவில்லை. குற்றாலத்தில் ஒரு மண்டலம் அவளை அருவியில் நிற்கவைத்தார்கள், காய்ச்சல்தான் கண்டது. அவள் புருஷனை ஒரு வைத்தியரிடமும் காட்டவில்லை. கடைசியில் ஆளனுப்பி என்னை வரவழைத்தார்கள். “இவ கால் வச்ச ராசி, மாடும் மலடாப் போச்சு. ரெண்டையும் கூட்டிட்டுப் போயிரும்” என்றாள் மாமியார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் ஊர் தென்காசி வரை மாட்டுக்கயிறு என் கையில்; தலை குனிந்தபடி பேச்சி பின்னால். அந்த வெட்கத்தில்தான் தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன்.

டாக்டர் சொன்னதைத் தங்கைக்கு எழுதினேன். யாரிடமோ சொல்லி எழுதுவித்த பதில் வந்தது.

“அண்ணே, மாட்டுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டே. சந்தோசம். அவுக ரெண்டாவதாக் கட்டுனவளுக்கும் பிள்ளை இல்ல. அவளையும் தள்ளிவிடப் பாக்காக. அவ எந்த மாட்டோட வந்தா? அன்னைக்குப் பேசாத வாய இப்பமாவது வந்து திற.”

விடுப்பு வாங்கிப் போனேன். பேச்சியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு முன்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: “மாட்டுக்கு வந்த குறை தாய் வயித்துலயே வந்தது! எந்தப் பொம்பளை கால் வச்சும் வரல! பிள்ளை இல்லன்னா முதல்ல உங்க மகனைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க!”

மாமியார் கத்தினாள்: “கொழும்புக்காரனுக்கு இங்கன என்ன நியாயம்?” கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். முன்பு அறுப்புக்கு எங்கள் ஊருக்கு வந்து என்னோடு ஒன்றாய் வயலில் இறங்கியவர்கள்தான். ஆனால் உள்ளேயிருந்து அந்த இரண்டாம் மனைவி துணிமூட்டையோடு படி இறங்கி வந்தாள். “அக்கா, எங்க அப்பா வீடு வரை கூட வருதியளா?” என்றாள். பேச்சி அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். இருவரும் முன்னே நடந்தார்கள். அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. இந்தச் சில வார்த்தைகளை அன்றைக்கே பேசியிருக்கலாமே!

திரும்பி வந்து கொழும்பில் இறங்கியபோது துறைமுக அதிகாரி, “சொந்த ஊர்?” என்று கேட்டார். ‘கொழும்புக்காரன்’ என்று கேட்டுச் சிரித்தது காதிலேயே நின்றது; தென்காசி என்று சொல்ல வாய் வரவில்லை. பிழைக்க வந்த பண்ணையின் பெயரைச் சொல்லவும் மனம் இல்லை. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் வரிசை நெட்டித் தள்ளியது.