ரெசின் பல்லில் பிடிக்காத மெழுகு

அக்கா அன்று மாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பறக்க வேண்டும். அவளுடைய கடைவாய்ப் பல்லுக்குப் போட வேண்டிய உலோக மூடியோ, காலையில் இன்னும் வெறும் மெழுகாகத்தான் என் கையில் இருந்தது.

பதுளையில் பல் மூடி செய்கிற சின்னக் கூடமொன்றில் எனக்கு வேலை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பல்லின் பிரதியை வார்ப்போம். அதன்மேல் மெழுகால் மூடி செய்வோம். அந்த மெழுகைச் சூடு தாங்கும் மாவுக் குழம்பில் புதைத்துச் சூளையில் உருக்கி ஓட்டிவிட்டு, அது இருந்த குழியில் உலோகத்தை ஊற்றுவோம். மெழுகு விளிம்பில் மயிரிழை தூக்கினாலும் உலோகமும் அப்படியே தூக்கும். இடுக்கில் சோறு போகும், பல் சொத்தையாகும்.

"அந்த ஊர்ல பல்லு வலிச்சா என்னைய யாருடா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவா?" ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று அக்கா கேட்டது காதை விட்டுப் போகவில்லை.

எப்போதும் மஞ்சள் கல்மாவில்தான் பிரதி வார்ப்போம். கொஞ்சம் சொரசொரப்பு, மெழுகு பிடித்துக்கொள்ளும். இந்த முறை முதலாளி புதிதாக வாங்கிய ரெசினில், பிளாஸ்டிக் மாதிரி இறுகும் பசையில், வார்த்திருந்தார். அதன் விளிம்பு லேசில் உடையாது, உண்மைதான். ஆனால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

மெழுகு வேலை முடிந்ததும் அதை மாதா படத்தின் விளக்கடியில் வைத்து மன்றாடுவது என் வழக்கம். கல்மாவில் ஒன்றும் ஆனதில்லை. அன்று எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு பக்கம் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, மாதாவுக்குப் பல்லைக் காட்டினீங்களா?" என்றார் முதலாளி.

"சிரிக்காதீங்க மொதலாளி. இது எங்க அக்கா பல்லு."

அவர் சிரிப்பை விட்டுக் கிட்டே வந்தார். "வெளக்குச் சூட்டுல இளகி, ஆறும்போது இழுத்திருக்கு. ரெசின்ல பிடிமானம் இல்லைல்ல. விளிம்ப மட்டும் திரும்ப உருக்கி, ஆறுற வரைக்கும் அழுத்திப் புடிங்க. ஒடனே பொதைச்சிருங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, விளக்குப் பக்கம் போகாமல் மேசையிலிருந்தே அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். சூளையில் வைத்த பிறகு உட்கார முடியவில்லை. பஸ் ஹார்ன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். உலோகம் வெளியே வந்து, தேய்த்துப் பார்த்ததில் ரெசின்மேல் சரியாகவே உட்கார்ந்தது. அக்காவின் வாய் ரெசின் இல்லையே! மூடியை டாக்டர் வாசலில் நின்ற அவள் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச வேலைக்கு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் ஜெபத்துக்கு உட்காரும்போது போன் வந்தது. பஸ் இரைச்சலுக்குள் அக்கா.

"ஒக்காந்திருச்சுடா தம்பி. டாக்டர் கம்பியால சுத்திப் பாத்தாரு, எங்கயும் மாட்டல."

"வலிக்குதாக்கா?"

"வலி இல்ல. இந்த நாக்குதான் சும்மா இருக்க மாட்டேங்குது. அங்கயே போய்ப் போய்த் தடவுது."

"பழகிரும்."

"பல்லு பழகிரும்டா..." என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். என் நாக்கும் கடைவாய்ப் பல்லையே தடவிக்கொண்டிருந்தது. மணி எண்ணிக்கை தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.