ஓடைக்கரையில் நின்றுபோன ஜீப்

செபாஸ்டினின் முன்கோபம் ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜீப் கதவை ஓங்கிச் சாத்தியவனை நடுவழியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். செபாஸ்டின் பிறந்ததே தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில்தான். லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, வண்டி பழகி, முப்பது வயதில் ஒரு தோட்டத்து ஜீப்புக்கு டிரைவரானான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால்கூட, கோயிலுக்குள் நுழைவதற்குள் இரண்டு தடவை ஜீப்பைத் திரும்பிப் பார்ப்பான் என்று அவன் மனைவி ஞானஜோதி சொல்லிச் சிரிப்பாள்.

எழுபத்து நான்காம் வருஷம், மாசி மாதம். ஏலச் செடிகளில் பூச்சி விழுந்து, தோட்டம் முழுக்க மருந்தடி நடந்துகொண்டிருந்தது. காலைப் பத்து மணி இருக்கும். கங்காணி மொக்கையன் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"செபாஸ்டினு, வண்டிய எடு! பெரியமுத்து விழுந்துட்டான். வாயில நுரை தள்ளுது!"

நான்கு பேர் பெரியமுத்துவைத் தூக்கி வந்தார்கள். மருந்துப் பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்தது. உடம்பு வேர்த்துக் கொட்டியது. கை கால்கள் தன்னால் துடித்தன. அவன் பெண்டாட்டி அழகுத்தாய் பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், மண் கையோடு வந்து பின்சீட்டில் ஏறி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

செபாஸ்டின் செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். திரும்பத் திரும்ப அழுத்தினான். சத்தம் வரவர இளைத்தது.

"தள்ளுங்கலே!" என்று கத்தினான்.

அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். ஜீப் நின்ற இடம் இறக்கம். ஆட்கள் தள்ள, வண்டி உருண்டு வேகம் பிடித்தது. கியரில் போட்டுக் கிளட்சை விட்டான். ஜீப் குலுங்கியதே தவிர எஞ்சின் உயிர் பெறவில்லை. இறக்கம் முழுவதையும் அப்படியே தின்றுவிட்டு, கீழே ஓடைக்கரைச் சமதளத்தில் போய் நின்றது. இனி எந்தப் பக்கம் தள்ளினாலும் மேடு.

குமுளி ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நடந்து தூக்கிக்கொண்டு போவதென்றால் பெரியமுத்து தாங்கமாட்டான். அந்தப் பாதையில் வேறு வண்டியும் வராது. செபாஸ்டின் இறங்கி டயரை ஓங்கி உதைத்தான். அவன் கண் கலங்கியிருந்ததை மொக்கையன் பார்த்தார்.

"அண்ணே, டயர உதைச்சி என்னாகப் போகுது?" என்று அழகுத்தாய் உள்ளேயிருந்து கேட்டாள். அவள் குரலில் அழுகை இல்லை. "இவருக்கு இன்னும் மூச்சு இருக்கு. ஒண்ணொண்ணாப் பாருங்க."

அவள் புருஷனின் சட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, ஓடைத் தண்ணீரில் முந்தானையை நனைத்து நனைத்து அவன் முதுகைத் துடைத்தாள். எச்சில் தொண்டையை அடைக்காமல் இருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

செபாஸ்டின் பானட்டைத் திறந்தான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதுதான் அவனுக்கு முதல் சந்தேகம். கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பம்பைக் கையால் இயக்கினான். பெட்ரோல் பீய்ச்சியது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

அப்படியென்றால் கரண்டு. ஒரு பிளக்கின் ஒயரை உருவினான். மொக்கையன் எஞ்சினைக் கையால் சுழற்றும் கிராங்க் கம்பியை முன்பக்கம் சொருகிச் சுற்ற ஆயத்தமானார். ஒயர் முனையை எஞ்சினுக்கு அருகே பிடித்து, பொறி வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். தள்ளிவிட்டவர்களில் இரண்டு பேர் பெரியமுத்துவின் கால்களை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் எட்ட நின்றார்கள், மருந்து நாற்றத்துக்குப் பயந்து.

"நான் பிடிக்கேன்" என்று அழகுத்தாய் இறங்கிவந்தாள்.

"ரப்பர்ல பிடி ஆத்தா. முனையத் தொடாத."

மொக்கையன் சுற்றினார். ஒன்றும் வரவில்லை.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தான். உள்ளே ஈரம் இல்லை. அதற்குள் ஒன்றையொன்று தொட்டு விலகும் பாயிண்டைச் சட்டைத் துணியால் துடைத்தான். மறுபடி சுற்றச் சொன்னான். பொறி இல்லை. பின்சீட்டில் பெரியமுத்து மூச்சுக்கு இழுப்பது கேட்டது. அந்தச் சத்தம் நின்று நின்று மறுபடி தொடங்கியது.

செபாஸ்டின் குனிந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான். பாயிண்டுக்குப் போகிற, விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஒயர். மேலே உறை முழுசாக இருந்தது. இழுத்ததும் அது ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"கெடச்சிட்டு!" என்றவன், யோசிக்காமல் ஹாரன் ஒயரைப் பல்லால் கடித்து இழுத்து அறுத்தான். அதில் ஒரு துண்டை எடுத்து முறுக்கிக் கட்டினான். அவசரத்தில் இரண்டு தடவை நட்டு நழுவியது. மூன்றாவது தடவை மாட்டி மூடியை வைத்தான்.

"சுத்துங்க!"

மொக்கையன் முழு பலத்தோடு சுற்றினார். அழகுத்தாய் "யாத்தே!" என்று அலறி ஒயரை வீசியெறிந்தாள். ஈரக் கையில் கரண்டு அடித்துவிட்டது.

அந்த அலறலைக் கேட்டு செபாஸ்டின் சிரித்தான். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் எல்லோரும் திகைத்துப் போனார்கள். "கரண்டு வந்துட்டு!" என்று அவன் பாய்ந்து ஒயரைப் பிளக்கில் மாட்டினான். அடுத்த சுற்றில் எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

ஹாரன் இல்லாத ஜீப்பில் அந்த மலைவழியைக் கடப்பது லேசில்லை. ஒவ்வொரு வளைவிலும் மொக்கையன் வெளியே தலையை நீட்டி "ஓய்... ஓய்..." என்று கூவினார். ஒரு வளைவில் விறகு லாரி எதிரே வந்தது. செபாஸ்டின் மண்மேட்டில் ஏற்றி ஒதுக்கினான். ஒரு சக்கரம் காற்றில் சுற்றியது. அழகுத்தாய் கண்ணை மூடவே இல்லை. புருஷனின் முகத்தை விட்டு அவள் பார்வை நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். செபாஸ்டின் வாசல் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்தான். தீக்குச்சிகள்தான் ஒடிந்தன. கடைசியில் பீடியைக் காதிலேயே சொருகிக்கொண்டான்.

மறுவாரம் மேனேஜர் வழக்கம்போல மருந்து டின்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றச் சொன்னார். செபாஸ்டின் வண்டியை விட்டு இறங்கி நின்றான்.

"டின்னு வேணும்னா டின்னு மட்டும் ஏத்துதேன். ஆளுகளோட சேத்து ஏத்தமாட்டேன். ஒழுகுற பம்ப மாத்துங்க, சோப்புக் குடுங்க. அதுக்கப்புறம் சாவியக் குடுங்க."

"வண்டி ஓட்டறவன் வண்டிய ஓட்டு" என்றார் மேனேஜர். செபாஸ்டின் சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தான். அந்த மலைவழிக்கு வேறு டிரைவர் அகப்படவில்லை. மருந்தடிக்காரர்களும் பம்பைத் தொடவில்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேனேஜர் புதுப் பம்புகளும் சோப்பும் வரவழைத்தார்.

பெரியமுத்து மறுபடி மருந்தடிக்கப் போகவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை கொடுத்தார்கள். விரல் நடுக்கம் மட்டும் அவனை விடவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். செபாஸ்டின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தக் கிளாஸின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொள்வான்.