நாரணாபுரத்துக்குக் கிளி, ஆமத்தூருக்குத் தாமரை

ஆமத்தூரில் கிணறு வெட்டி, சொந்த வீடு கட்டினேன். மனைவி போன பிறகு தனியாளாக நின்று இரண்டு மகள்களையும் நர்சுகளாக்கினேன். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். விருதுநகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கரையான் தின்றுகொண்டிருந்த பதிவறையை, கேட்ட கோப்பு இரண்டே நிமிடத்தில் கைக்கு வரும் இடமாக்கினேன். படிப்பு எட்டாம் வகுப்பு ஃபெயில். அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவன். எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

பதிவறையில் இருந்ததெல்லாம் பட்டாசு ஆலைகளின் உரிமக் கோப்புகள். நீள நீளமான எண்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள்களை அள்ளி வந்தேன். நாரணாபுரம் கட்டுகளுக்குக் கிளிப் படம், ஆமத்தூருக்குத் தாமரை என்று ஊருக்கு ஒரு படம் ஒட்டினேன். வருடத்துக்கு ஒரு நிறத்தில் நாடா கட்டினேன். “என்ன அண்ணாச்சி, தீவாளிக் கடை போட்டிருக்கீகளா?” என்று சிரித்தவர்கள்தான் பிறகு கோப்புக்காக என் வாசலில் நின்றார்கள்.

அப்போதுதான் அவர் இளநிலை உதவியாளராக மாற்றலாகி வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண், கல்யாணம் ஆகாதவர். அலுவலகம் முழுக்க என்னை அண்ணாச்சி என்றது. அவர் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. “இங்கன பாருங்க” என்பார், அவ்வளவுதான். மதியம் என் டப்பா மூடியில் ஒரு உருண்டை துவையல் வைப்பார். சாயங்காலம் சிவகாசி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடிப்பேன். அவர் அந்தத் துண்டை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தருவார். மடிக்காமல் தந்த நாளே கிடையாது.

என் வயதுக்காரனான எங்கள் ஜீப் டிரைவர் கிண்டலடித்தான். “ஏலே, துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற வயசாலே இது?”

“சீட்டத்தான பிடிக்கேன், ஒன் காலையா பிடிக்கேன்?” என்றேன்.

ஒருநாள் அவர் சொன்னார்: “அம்புட்டையும் தலைக்குள்ள வச்சிருக்கீக. நீங்க லீவு போட்டா ஆபீசே முழிக்கும். சொல்லுங்க, நான் எழுதுதேன்.”

இரண்டு மாதம், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, எந்தப் படம் எந்த ஊர், எந்த நாடா எந்த வருடம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிறகு அதைப் பட்டியலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். என் எழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை. பிழை வரும் என்று வெட்கப்பட்டுப் பேனாவையே தொடாமல் இருந்துவிட்டேன்.

“மொதப் பக்கத்துல நம்ம ரெண்டு பேரு பேரையும் போடுங்க” என்றேன்.

“போட்டுருவோம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, அவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று மகள்களிடம்கூடப் பேசி வைத்தேன்.

புதிதாக வந்த அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். “யார் செஞ்சது இது?”

“நான்தான் சார். பதிவறை அண்ணாச்சி கட்டெல்லாம் எடுத்துக் குடுத்தாக.”

அவர் வாயிலிருந்து வந்த முதல் அண்ணாச்சி அது.

சுதந்திர தின விழாவில் மேடையேறி நற்சான்றிதழ் வாங்கினார். நான் கீழே நாற்காலி வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அடுத்த மாதமே, எல்லா மாவட்டத்துக்கும் இதையே செய்து தரச் சொல்லி அவரைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில், என் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டுவிட்டேன்.

“கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. எழுதுனது நான்தான? ஒங்க பேரையும் போட்டா, எட்டாப்பு படிச்சவரு சொன்னதையா எழுதுனேம்பாக.”

“அப்ப மத்தது?”

“மத்ததுன்னா?” என்றார்.

அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அந்த மத்ததை விட்டுவிடுகிறேன். துவையலையும் மடித்த துண்டையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஆனால் பசை தடவி ஒவ்வொரு படத்தையும் ஒட்டியது என் கை. யோசித்தது என் தலை. சென்னையில் அவர் வைத்திருக்கும் பட்டியலின் முதல் பக்கத்தில், இந்த முறையை உண்டாக்கியவன் விருதுநகர் பதிவறை எழுத்தர் என்று என் பெயரைப் போட்டு எழுத வேண்டும். அவர் பெயருக்குக் கீழே வேண்டாம். மேலே.