கப்டன் வீட்டுப் பெயர்

ஆஸ்பத்திரியில் பதிவுத் துண்டு எடுத்துக்கொண்டு காத்திருக்கும்போது, பெயரைக் கூப்பிட்டால் பெரியப்பா முதல் தடவையில் எழும்பமாட்டார். காது நன்றாகவே கேட்கும். தாதி குரலை உயர்த்தி மறுபடியும் "எஸ்பொசிற்றோ" என்று கூப்பிட்டு, வாங்கில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான், சட்டையை இழுத்துவிட்டு மெதுவாக எழும்புவார். பக்கத்தில் இருக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும். இந்த வருடம் அவரைப் புதைத்துவிட்டு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அவர் அப்படி எழும்புகிற விதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு; ஒரு தலைமுறையோடு சரி. எங்கள் வீட்டில் மட்டும் இந்த இத்தாலிப் பெயர் ஒவ்வொருவர் முதுகிலும் ஏறிக்கொண்டு வந்தது. எங்கள் பூட்டனாரின் தகப்பன் இத்தாலியக் கப்பலொன்றின் கப்டன், தண்ணீர் ஏற்றத் திருகோணமலைக்கு வந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கண்டு, கப்பலைப் போகவிட்டு இங்கேயே நின்றுவிட்டார் என்பது பெரியப்பா சொல்கிற கதை. துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திரம் பார்த்தவர் அவர். கப்பல் விஷயத்தில் அவருடைய பேச்சை மறுக்க எங்கள் வீதியில் ஆளில்லை. எங்களைக் கப்டன் வீட்டார் என்றே சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் ஃபாதர் பிள்ளையின் பெயரைக் கேட்டால், எங்கள் குடும்பத்தில் தாயும் தகப்பனும் வாய் திறப்பதில்லை. மூத்த ஆண்தான் முழுப் பெயரையும் சொல்லவேண்டும். அப்பப்பா போன பிறகு அந்த மூத்தவர் பெரியப்பாதான்.

எனக்கும் மனைவிக்கும் பிள்ளை தங்கவில்லை. கடைசித் தடவைக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டோம். நிலாவெளி ஹொட்டேலில் வரவேற்பு மேசையில் நின்று வருகிறவர்களுக்குச் சிரித்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், படுத்தேன். பிறகு கன்னியாஸ்திரிகளின் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை எடுத்தோம். யார் பெற்றது என்று அவர்களுக்கே தெரியாது. பெரியப்பா வந்தார். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். போகும்போது படலையடியில் நின்று சொன்னார்:

"வடிவா வளர் தம்பி. பெயரை மட்டும் குடுக்காதை. அது கப்டன்ர ரத்தம்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய்போல இருந்தது உள்ளே. மனைவிதான் குசினிக்குள் போய் அழுதாள். எல்லோருக்கும் இருக்கிற பெயர் இவளுக்கு மட்டும் இல்லையென்றால், கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இவள் தனியாகத் தெரிவாளே என்றாள். நான் பிள்ளைக்குப் பால் கரைத்தேன்.

அந்த நாட்களில்தான் நேப்பிள்ஸ் நகரத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஹொட்டேலுக்கு வந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துச் சிரித்து, தன் தாய்வழியும் அதே பெயர்தான் என்றார். முன்னொரு காலத்தில் அவருடைய ஊரில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் இல்லமொன்றின் சுவரில் சுழலும் பெட்டி ஒன்று இருந்ததாம். வளர்க்க முடியாத தாய்மார் வெளியில் நின்றபடியே குழந்தையை அதற்குள் வைப்பார்களாம். உள்ளே இருக்கிறவர்கள் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். அப்படி வந்த பிள்ளைகளுக்கு இட்ட பெயர்தான் எஸ்பொசிற்றோ. வெளியில் விடப்பட்டவர் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அவமானமாகிறது என்று பிறகு அந்தப் பெயர் இடுவதைத் தடுத்தார்களாம். அதற்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டதாம். எந்தக் கூச்சமும் இல்லாமல் தேத்தண்ணீரைக் குடித்தபடியே சொல்லி முடித்தார். அவருக்கு அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவரை வெல்லவேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு இருக்கவில்லை. கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். அந்த மனுசி பகிடிக்குச் சொல்லவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.

"கப்டன் கதை நான் கட்டினது," என்றார். "இந்தப் பெயர் எங்கையிருந்து வந்ததெண்டு எங்கடை ஐயாட்டைக் கேட்டால் எழும்பிப் போயிடுவார். அதாலை நானே ஒண்டைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

பிறகு என்னைப் போகச் சொன்னார். அடுத்த நாட்களில் ஞானஸ்நானத்துக்கு வரச்சொல்லி ஆளனுப்பியும் பதில் இல்லை.

ஞானஸ்நானத்தன்று அவர் வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஃபாதர் தொடங்கிய பிறகுதான், முகம் வழித்து, வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஃபாதர் கேட்டார். மனைவி என் கையைப் பிடித்தாள். மகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கலாம் என்று நான் வாயெடுக்க, பெரியப்பா எழும்பி முன்னுக்கு வந்தார். அவளுடைய பெயரைச் சொன்னார். பிறகு "எஸ்பொசிற்றோ" என்றார்.

வெளியே வந்ததும் பிள்ளையைத் தன் கையில் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

"எங்களுக்கு அந்தப் பெயர் எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது தம்பி," என்றார். "இவளுக்குத்தான் முறையா வந்திருக்கு."