பன்னத்தின் பெயரும் என் பாடும்

செடி விற்கிற தொழிலில் செடியால் ஒரு கரைச்சலும் இல்லை. அதை வாங்க வருகிறவர்களால்தான். ஏதாவது ஒரு கடையில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு செடிக்கடையில் வேலை செய்கிறேன். பன்னங்கள் என்றால் எனக்கு உயிர்; சிலர் பெரணி என்பார்கள், பூக்காது, இலைதான் அழகு. பின்பக்கத்து நிழற்பந்தல் முழுக்க நான் வளர்த்தவைதான். அவை விற்காவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு அங்கே மீன்தொட்டி வைக்கப்போவதாக முதலாளி சொன்னார். பெயர் வந்த கதை தெரிந்தால் சனம் ஆசைப்பட்டு வாங்கும் என்று நம்பி, ஒவ்வொரு சாடியிலும் விஞ்ஞானப் பெயரையும் அதன் பொருளையும் சிறு காகித மட்டையில் எழுதிக் குத்திவைத்தேன்.

நனையாதது

அடியன்ரம் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். நனையாதது என்று பொருள். இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். மட்டையில் இடம் போதாமல் இந்த விளக்கத்தை விட்டுவிட்டேன். பாலையூற்றிலிருந்து வந்த ரீச்சர் ஒருவர் ஆசையோடு வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் சாடி திரும்பி வந்தது. உள்ளே விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஏதோ நின்றது. "தண்ணி ஊத்தினனீங்களோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"நனையாதது எண்டு எழுதி வைச்சது நீங்கள். பிறகு நான் ஏன் பிள்ளை தண்ணி ஊத்துவான்?"

சிறுநீரகச் செதில்

இனி விளக்கமாக எழுதுவோம் என்று நெப்ரோலெப்பிசை எடுத்தேன். பெயருக்குச் சிறுநீரகச் செதில் என்று பொருள்; இலையின் அடியில் வித்திகளை மூடியிருக்கும் செதில் அந்த வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர். எல்லாம் எழுதினேன். கிண்ணியாவிலிருந்து வந்த பெரியவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று கேட்டார். ஐயோ, இது மருந்தில்லை, குடித்துவிடாதீர்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மருந்தில்லாட்டி ஏன் மகள் அந்தப் பேர வெச்சீங்க? மனிசரப் பேய்க்காட்டி ஏமாத்தவா?"

அகன்ற கொம்பு

பிளாற்றிசீரியம் என்றால் அகன்ற கொம்பு. பலகையில் கட்டி வளர்ப்பது; இலை மான்கொம்பு போல விரியும். இதில் யாரும் பிழைவிட ஏலாது என்று நிம்மதியாக இருந்தேன். மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அந்தோனி அண்ணை அதை வாங்கிப்போய் வாசல் தூணில் மட்டையோடு தொங்கவிட்டார். மறுநாள் மட்டையும் பலகையும்தான் மிச்சம். நம்முடைய ஊரில் மான்கள் றோட்டில்தானே திரிகின்றன!

"உங்கட மட்டையை மான் வாசிச்சிருக்கு பிள்ளை. தன்ர சாமான் எண்டு எடுத்துக்கொண்டு போட்டுது."

முதலாளியின் கிரேக்கம்

முதலாளி என் மட்டைகளைப் பிடுங்கிவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தார். அஸ்பிளீனியம் என்பது, மண்ணீரல் நோயைத் தீர்க்கும் என்று பழைய காலத்தில் நம்பியதால் வந்த பெயர். முதலாளியின் மட்டையில் 'கிரேக்க மொழியில்: விசா கிடைக்கும்' என்றிருந்தது. எனக்கு வெட்கத்தில் தலை நிமிர்த்த முடியவில்லை. சனமோ அள்ளுப்பட்டு வந்தது. புல்மோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"இது கனடாவுக்கு மட்டுமோ, லண்டனுக்கும் சரிவருமோ?"

வெறும் பந்தல்

பன்னமெல்லாம் விற்றுத் தீர்ந்தது. நான் தாய்ச்செடியாக ஒளித்துவைத்ததைக்கூட முதலாளி விட்டுவைக்கவில்லை. அழுகை வந்தது. ஆனாலும் பந்தல் தப்பிவிட்டதே, வித்தி தூவி மறுபடி வளர்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே முதலாளி லொறியிலிருந்து கண்ணாடித் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பன்னம்தான் முடிஞ்சுதே பிள்ளை, இனி பந்தல் சும்மா கிடக்கவோ?"

விற்காவிட்டாலும் மீன், விற்றாலும் மீன் என்று முதலே தெரிந்திருந்தால், கிரேக்கம் படித்த நேரத்துக்கு நான் நீந்தவாவது பழகியிருப்பேன்.